திருத்திய நோட்டைப் பிள்ளை திரும்பத் திறக்கிறதா?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுத் திருத்துவது பற்றி, ஏர்வாடி முதல் தொண்டி வரை கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் மண்டபம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை.

கேள்வி (தங்கச்சிமடம், ஆசிரியை): ஈராசிரியர் பள்ளி, மூன்று வகுப்பு என் பொறுப்பு. நோட்டெல்லாம் வீட்டுக்குத் தூக்கிப்போய் ராத்திரி பத்து மணி வரை திருத்துகிறேன். மறுநாள் பார்த்தால் அதே பிழை. என்ன செய்ய அக்கா?

வீட்டுக்குத் தூக்கிப்போவதை முதலில் நிறுத்துங்கள். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே வரிசைக்குள் நடந்து போய், ஆளுக்கு ஓர் இடம் தொட்டுக் காட்டுங்கள். கட்டுரையில் பதினைந்து பிழை இருந்தால் பதினைந்தையும் சுழிக்க வேண்டாம். அந்த வாரம் ர, ற நடத்தினீர்களா, அதை மட்டும் பாருங்கள். மற்றது கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள். கை அரிக்கத்தான் செய்யும், எனக்கும் அரிக்கும். மறுநாள் பாடம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் கொடுத்து, கோடு போட்ட இடத்தைப் பிள்ளையே திருத்தி எழுதட்டும். அந்த ஐந்து நிமிடம் கொடுக்காவிட்டால் நீங்கள் முழித்திருந்தது வீண்.

கேள்வி (தேவிபட்டினம், ஆசிரியர்): மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். கழித்தலில் சில கணக்கு சரியாகப் போடுகிறான், பாதிக்குமேல் தப்பு. கவனக்குறைவுதானே? பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பார்த்தேன் சார். 52 − 27 = 35. 61 − 38 = 37. 84 − 49 = 45. சரியாக வந்தவை 78 − 35, 96 − 42. கவனக்குறைவு என்றால் பிழை இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும். இவன் ஒரே விதியை விடாமல் பிடித்திருக்கிறான்: மேலே எது, கீழே எது என்று பார்ப்பதில்லை, பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறான். இனமாற்றம் (பத்து ஒன்றைப் பிரித்துக் கடன் வாங்குவது) இல்லாத கணக்கில் அந்த விதி மாட்டிக்கொள்ளாது. அதனால் சிலது சரி, சிலது தப்பு. நீங்கள் மூன்று இன்டு போட்டிருக்கிறீர்கள். அந்த இன்டுவைப் பார்த்து அவன் என்ன தெரிந்துகொள்வான்?

பத்துக் குச்சிக் கட்டு ஐந்தும் தனிக்குச்சி இரண்டும் கொடுத்து, ‘இதில் 27 எடுத்துத் தா’ என்று கேளுங்கள். தனிக்குச்சி ஏழு இல்லாமல் முழிப்பான். கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்ற அவன் கை தானாகப் போகிறவரை வாயைத் திறக்காதீர்கள். அதுதான் சிரமம், நமக்குச் சொல்லிவிடத் துடிக்கும். பிறகு நோட்டில் ‘கட்டைப் பிரித்தாயா?’ என்று ஒரு வரி போதும். 35ஐயும் 27ஐயும் கூட்டிப் பார்க்கவும் சொல்லுங்கள். 52 வராமல் 62 வந்ததும், அழிக்கிற ரப்பரை அவனே தேடுவான்.

கேள்வி (சின்னப்பாலம், ஒரு தாயார், குரல் பதிவில்): நான் பாசி எடுக்கப் போறவ டீச்சர், எழுதப் படிக்கத் தெரியாது. மக நோட்ட எப்படிப் பாக்குறது?

அவளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கம்மா. ‘டீச்சர் எங்க கோடு போட்டிருக்காக, அத இப்ப எப்படி எழுதணும்?’னு கேளுங்க. அவ திணறுனா, டீச்சர் போட்ட கோடு அவளுக்கு விளங்கலைன்னு அர்த்தம். மறுநாள் வந்து டீச்சர்ட்டயே சொல்லுங்க. அடிக்க வேண்டாம்.

கேள்வி (கீழக்கரை, ஆசிரியை): நான்காம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதியிருக்கிறாள்: ‘எங்க வாப்பா துபாய்ல இருந்து வந்தாக. எனக்கு ஆரஞ்சு கலர் பேக் வாங்கிட்டு வந்தாக. உம்மா அழுதாக.’ எதைத் திருத்துவது?

கடைசி வரியைப் படித்ததும் உங்களுக்கு என்ன கேட்கத் தோன்றியது? அதை எழுதுங்கள்: ‘உம்மா ஏன் அழுதாங்க?’ அடுத்த நாள் இன்னும் நான்கு வரி வரும். ‘விரிவாக எழுது’ என்று எழுதிப் பாருங்கள், ஒரு வரியும் வராது. வாப்பா, உம்மா இரண்டிலும் பேனா படவே கூடாது. ‘வந்தாக’ நம் பக்கத்துப் பேச்சு. நான்காம் வகுப்பு என்பதால் ஓர் இடத்தில் மட்டும் அடிக்கோடிட்டு ஓரத்தில் ‘வந்தார்’ என்று எழுதிக் காட்டுங்கள், மிச்சத்தை அவள் மாற்றுவாள். இரண்டாம் வகுப்பாக இருந்தால் நான் அதையும் தொடமாட்டேன்.

கேள்வி (ராமேஸ்வரம், தந்தை): நோட்டில் மார்க்கே போடாமல் குறிப்பு மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று எப்படித் தெரியும்?

மார்க் பதிவேட்டில் இருக்கும் சார். 2012-13இல் முப்பருவ முறை வந்தபோதே வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே பார்ப்பது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவக் கடைசித் தேர்வு) 60 என்று பிரித்தார்கள். அன்றாட நோட்டில் போடாததற்குக் காரணம் உண்டு. இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ரூத் பட்லர் செய்த ஆய்வு 1988இல் வெளியானது. குறிப்பு மட்டும் வாங்கிய பிள்ளைகள் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்து வாங்கியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. நம் வகுப்பிலும் பாருங்களேன், 10க்கு 6 என்று கண்ணில் பட்டதும் பக்கத்துப் பையன் எவ்வளவு என்று எட்டிப்பார்ப்பான், கீழே எழுதியதைப் படிக்கவே மாட்டான்.

கேள்வி (தொண்டி, மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்): பிழையான சொல்லைப் பத்துத் தடவை எழுதச் சொல்லலாமா?

எழுதும்போது பக்கத்தில் நின்று பாருங்கள் தம்பி. ‘பள்ளி’யைப் பத்துத் தடவை எழுதச் சொன்னால், முதலில் மேலிருந்து கீழாகப் பத்து ‘ப’ போடுவான், பிறகு பத்து ‘ள்’, பிறகு பத்து ‘ளி’. அவன் சொல்லையே எழுதவில்லை, தூண் கட்டுகிறான். ஒரு தடவை பார்த்து, ஒரு தடவை மூடிவைத்து, பிறகு அதை வைத்து ஒரு சொந்த வாக்கியம். இது போதும்.

கேள்வி (மண்டபம், ஆசிரியை): அப்பாக்களைப் பார்க்கவே முடிவதில்லை. நோட்டை யாரிடம் காட்ட?

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஜூனில் பள்ளி திறக்கும்போது தடை முடிந்திருக்காவிட்டால் அந்த நாட்களை விடாதீர்கள், அப்பாக்கள் கரையில்தான் இருப்பார்கள். போன வருட நோட்டில் ஆரம்பத்தில் எழுதிய ஒரு பக்கத்தையும் கடைசியில் எழுதிய ஒரு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை கிடையாது. வலையைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கரைக்கே போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

கேள்வி (பெரியபட்டினம்): ‘வெரி குட்’, ஸ்டார் போடலாமா?

போடுங்கள், பிள்ளைகளுக்கு ஆசை. ஆனால் எதற்கு என்று சேர்த்து எழுதுங்கள்: ‘எல்லா வாக்கியத்திலும் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாய்.’

கேள்வி (ஏர்வாடி, ஆசிரியர்): சிவப்பு மையில் திருத்தக் கூடாது என்கிறார்களே?

பச்சையில் ‘கவனமில்லை’ என்று எழுதினால் மட்டும் இனிக்குமா? எந்த நிறமும் சரிதான் சார். முனை மெல்லிசாக இருக்கட்டும், பிழையின்மேல் அடிக்காமல் அடியில் கோடு போடுங்கள். தடித்த பேனாவால் அடித்துவிட்டால் அவன் என்ன எழுதியிருந்தான் என்று பிறகு உங்களுக்கே தெரியாது.