தொப்புளுக்குக் கீழ கட்டி, கிறீம் பூசிக்கொண்டு இருக்கலாமோ?

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. அம்மாவுக்கு 54 வயசு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு ரெண்டு வருசத்துக்கு முதல் கதிர்ச் சிகிச்சை முடிஞ்சது, இப்ப தொப்புளுக்குக் கீழ புளியங்கொட்டை அளவில ஒரு கட்டி, நோவில்லை, பாமசியில குடுத்த கிறீமை மூண்டு கிழமையா பூசியும் அப்பிடியே இருக்கு, பழைய வருத்தமா இருக்குமோ, பிள்ளையளுக்குத் தொத்துமோ எண்டு.

தங்கச்சி, கிறீமை நிப்பாட்டுங்கோ. சூட்டுக்கட்டு எண்டால் சிவந்து நொந்து கூடுதலா ஒண்டு ரெண்டு கிழமையில பழுத்து உடைஞ்சிரும். கல்லு மாதிரி இறுகி, நோவில்லாமல் மெல்ல மெல்லப் பெருக்கிறதுதான் எங்களுக்கு யோசனை. இந்தக் கான்சர் தோலுக்கு வாறது சரியான அருமை, நூறு பேரில ரெண்டு பேருக்கு மேல வராது, வந்தால் கூடுதலா வயித்துத் தோல், பெண்ணுறுப்புப் பக்கம், கால். சிலருக்கு ஒப்பரேசன் தழும்பிலயே முளைக்கும், சிலருக்கு சொறி மாதிரி சின்னச் சின்னப் பருவா வரும், அதாலதான் சனம் மாசக்கணக்கில பூச்சு பூசிக்கொண்டிருக்கிறது.

கண்ணால பாத்து ஒருத்தரும் முடிவு சொல்லேலாது. பயோப்சி எண்டு அந்த இடத்தை விறைக்கப்பண்ணி சின்னத் துண்டு எடுப்பினம், அதை முந்தின ரிப்போட்டோட ஒப்பிட்டுப் பாக்கோணும், அதால கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், பழைய ரிப்போட் எல்லாம் ஒரு பையில போடுங்கோ. அடுத்த கிளினிக் நாள் வருமட்டும் இருக்க வேண்டாம். தெல்லிப்பளை கான்சர் ஆஸ்பத்திரியில காட்டினனீங்கள் எண்டால் அங்கயே போங்கோ, பரந்தனில பஸ் மாறிப் போய்வர ஒரு நாள் போயிரும் எண்டு தெரியும், உடன ஏலாட்டி முதல் முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில காட்டுங்கோ. இண்டைக்கே பேனையால கட்டியைச் சுத்திக் கோடு போட்டு, பக்கத்தில ஒரு அஞ்சு ரூபா குத்திக்காசு வச்சு ஃபோனில படம் எடுங்கோ, பெருத்ததோ இல்லையோ எண்டு அது காட்டும். பிதுக்கவோ ஊசியால குத்தவோ வேண்டாம்.

ஒளிக்காமல் சொல்றன், பயோப்சியில கான்சர்தான் எண்டு வந்தால் வருத்தம் திரும்பியிருக்கு, முழுசா மாத்திறது கஷ்டம். அதுக்காக கைவிடுறதில்லை, மருந்து ஏத்தியோ அந்த இடத்துக்குக் கதிர் குடுத்தோ கட்டியைச் சுருக்கலாம், நோவு வந்தாலும் கட்டுப்படுத்தலாம். கட்டி வெறும் தழும்புத் தடிப்பாவோ ஹேர்னியாவாவோ (குடலிறக்கம்) கூட இருக்கலாம்.

உங்களுக்கு 35 வயசாகிட்டுதெண்டால் எம்ஓஎச் கிளினிக்கில கருப்பைக் கழுத்தைச் சோதிக்கிற பாப் ரெஸ்ட் செய்யுங்கோ, அது தொத்தும் எண்டதுக்காக இல்லை, எல்லாப் பொம்பிளையளுக்கும் உள்ளது. கட்டி தொத்தாது. பேத்தி அம்மம்மாவோட ஒரே பாயில படுக்கட்டும், புண்ணா உடைஞ்சால் மட்டும் சுத்தமான துணி வச்சுக் கட்டிவிடுங்கோ.