எஃப் கார்டு வரவில்லையா? முதலில் ஒரு ஸ்கேலை எடுங்கள்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 44. கல்லூரிக்குப் போன மகன் வீட்டில் விட்டுச் சென்ற கிட்டாரை வைத்துக்கொண்டு, இணையத்தில் ஒரு இசைக் குழுவில் சேர்ந்து எட்டு மாதமாகக் கற்கிறேன். அன்பான மனிதர்கள், தப்பாக வாசித்தாலும் தட்டிக் கொடுக்கிறார்கள். புரட்டாசி வரை ஜி, சி, டி கார்டுகள், அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி எழுப்பும் சுரக்கூட்டுகள், எல்லாம் நன்றாகவே வந்தன. ஐப்பசியிலிருந்து கம்பியை அழுத்தவே முடியவில்லை. எஃப் கார்டு பிடித்தால் சத்தமே எழும்பவில்லை. ஞாயிறு இரவு வீடியோவில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது நான் பிந்துகிறேன், என் கிட்டார் விட்டு விட்டுக் கேட்கிறது என்கிறார்கள். குழுவில் ஒருவர், "அது பிளைவுட் கிட்டார், தூக்கிப் போடுங்கள். நம்ம ஊர் ஈட்டி மரம் போட்ட சாலிட் வுட் கிட்டார் 32,000 ரூபாய்க்கு வாங்கித் தருகிறேன், இந்த வாரமே முன்பணம் அனுப்புங்கள்" என்கிறார். வாங்கலாமா ஐயா? இல்லை, இந்த வயதில் எனக்கு இது வராதா?

பதில்: முன்பணம் அனுப்பாதீர்கள் அம்மா. வயதுக் கேள்வியையும் ஓரமாக வையுங்கள். ஜி, சி, டி எல்லாம் பிடித்துக்கொண்டிருந்த கை திடீரென்று திணறினால் நான் அந்தக் கையைப் பார்ப்பதில்லை. கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்றுதான் பார்ப்பேன். காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: ஐப்பசி.

கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் ஆடியில் நனையும். நம் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. கிட்டாரின் முன்பலகைக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் இருந்தால் போதும். மழை நாட்களில் குன்னூரில் கிட்டார் பழுது பார்க்கும் என் பட்டறையில் ஈரப்பத மானி 80க்குக் கீழே இறங்காமல் வாரக்கணக்கில் நிற்கும். மரம் அந்த ஈரத்தைக் குடித்து ஊதுகிறது. கம்பிகளின் அடிமுனை மாட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டை ஒட்டியிருக்கும் இடம் லேசாகத் தொப்பை போடுகிறது. பிரிட்ஜ் ஏறினால் கம்பியும் கூடவே ஏறும். உங்கள் விரலுக்கு ஐப்பசியில் வேலை கூடியது இதனால்தான்.

சரி, இதை எப்படி உறுதி செய்வது? ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுங்கள். பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், அதில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அளவு தப்பும். கிட்டாரை ட்யூன் செய்துவிட்டு, மடியில் வாசிக்கிற மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். தலைப்பக்கத்திலிருந்து எண்ணி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை நிறுத்தி, ஃப்ரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடி வரை எவ்வளவு என்று பாருங்கள். தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு இரண்டு என்றால் வாசிக்கச் சுகமாக இருக்கும். மூன்றரைக்கு மேல் போனால் எந்த வித்வானுக்கும் கை வலிக்கும்.

இதோடு நிறுத்தாதீர்கள். எஃப் கார்டுக்குப் பெரிய எதிரி கிட்டாரின் மறுமுனையில், தலைப்பக்கம் இருக்கிறது. கம்பிகள் உட்காரும் அந்த வெள்ளைத் துண்டுக்கு நட் என்று பெயர். கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். ஒரு சாதாரண வெள்ளைத் தாள் நுழைகிற அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். மூன்று நான்கு தாள் நுழைந்தால் நட் உயரம். தாள் வைத்துப் பார்க்கச் சிரமமாக இருந்தால் இன்னொரு வழி: முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற, எல்லாக் கம்பிகளையும் குறுக்கே அழுத்தும் கிளிப்பை மாட்டி, அதற்கு அடுத்த ஃப்ரெட்டில் எஃப் பிடிக்கிற மாதிரியே பிடியுங்கள். கேப்போ இல்லையென்றால் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து இரண்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினாலும் போதும். அங்கே கார்டு தெளிவாகக் கேட்டால் உங்கள் விரலில் குறை இல்லை, நட்டில்தான் குறை. விலை மலிவான கிட்டார்களில் பத்தில் ஏழெட்டு இப்படி நட் உயரமாகத்தான் என் பட்டறைக்கு வருகின்றன. தொழிற்சாலையில் அவசரமாக அறுத்து அனுப்பிவிடுகிறார்கள், கடையில் யாரும் சரி செய்வதில்லை. புதிதாகக் கற்பவர் தன் விரலையே திட்டிக்கொண்டு ஆறு மாதத்தில் கிட்டாரைப் பரணில் போட்டுவிடுகிறார். இப்படிக் கைவிட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சரி செய்வது பெரிய வேலை இல்லை. நட்டின் பள்ளங்களை அதற்கென்று உள்ள அரத்தால் கொஞ்சம் இறக்க வேண்டும். பிரிட்ஜில் செருகியிருக்கும் சேடில் என்ற துண்டின் அடிப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். ஆனால் மலையில் இருக்கும் நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அடைமழையில் ஊதியிருக்கும்போது கணக்குப் பார்த்துத் தேய்த்துவிட்டால், தை மாசிப் பனியில் மரம் வறண்டு கம்பி தானாகவே இறங்கி, ஃப்ரெட்டில் உரசி 'ஜிர்'ரென்று இரையும். அதனால் பழைய சேடிலை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, மழைக்காலத்துக்கென்று தாழ்வாக இன்னொன்று செய்துகொள்வதே நல்லது. என்னிடம் வரும் கோத்தகிரிக்காரர்கள் பலர் இரண்டு சேடில் வைத்திருக்கிறார்கள். கம்பி மாற்றும்போது சேடிலையும் மாற்றிக்கொள்வார்கள்.

கூடவே கம்பியையும் மெல்லியதாக்குங்கள். மெல்லிய ஈ கம்பி 12 (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு தடிமன்) என்று போட்ட செட் ஆறும் சேர்ந்து கிட்டாரைச் சுமார் 72 கிலோ விசையோடு இழுக்கும். 10 என்று போட்ட செட் சுமார் 60 கிலோதான். கைக்கு வித்தியாசம் உடனே தெரியும். வீடியோவைப் பார்த்துவிட்டுக் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை மட்டும் திருகிவிடாதீர்கள். அது கழுத்தின் வளைவைச் சரி செய்யத்தான், கம்பியின் உயரத்தை இறக்க அல்ல. கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் நானே திருப்புவதில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதுவரை சொன்ன அளவெல்லாம் ஸ்டீல் கம்பி கிட்டாருக்குத்தான். உங்கள் மகனுடையது நைலான் கம்பி கிட்டாரா என்று முதலில் பாருங்கள். மெல்லிய மூன்று கம்பிகளும் தூண்டில் நரம்பு மாதிரி இருந்தால் நைலான். தலைப்பகுதியில் நீளமாக இரண்டு ஜன்னல் வெட்டியிருந்தால் பெரும்பாலும் நைலான். நட்டின் அகலம் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினால் நைலான். ஸ்டீல் கிட்டாரில் அது நாலேகால், நாலரை சென்டிமீட்டருக்குள் அடங்கும். பிரிட்ஜில் கம்பியைக் குமிழ் மாதிரி ஆணிகளால் அழுத்திச் செருகியிருக்கிறதா, அல்லது சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். முடிச்சு என்றால் நைலான். அதில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். பெரும்பாலானவற்றில் ட்ரஸ் ராடும் இருக்காது.

முக்கியமானது, அதில் ஒருநாளும் ஸ்டீல் கம்பி மாட்டக் கூடாது. நைலான் செட்டின் இழுவிசை 40 கிலோ அளவுதான். அந்த உடம்பு அவ்வளவைத்தான் தாங்கும். மூன்று வருடம் முன்பு ஒரு பையன், 'சத்தம் பெரிதாக வரும்' என்று கடையில் சொன்னதைக் கேட்டு நைலான் கிட்டாருக்கு ஸ்டீல் கம்பி மாட்டினான். ராத்திரி மேஜைமேல் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். விடிகாலையில் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். பிரிட்ஜ் மரத்தோலையும் பிய்த்துக்கொண்டு வந்து கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த முன்பலகையை ஒட்டிக் கொடுத்தேன், பழைய குரல் திரும்பவில்லை. ஸ்டீல் கம்பி கிட்டாரில் நைலான் போட்டால் சத்தம் சோப்ளாங்கியாக இருக்கும், வேறு சேதம் இல்லை. தலைகீழாகச் செய்தால்தான் ஆபத்து. தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

இப்போது அந்த 32,000 ரூபாய்க்கு வருவோம். நட்பான குழுக்களில்தான் இந்த மாதிரி ஆள் அதிகம் நுழைகிறார். நூறு பேர் மனம் திறந்து பேசுகிற இடத்தில் அவர் சொன்னால் ஆலோசனை மாதிரி இருக்கிறது, கடைக்காரர் சொன்னால் வியாபாரம் மாதிரி இருக்கிறது. உங்கள் கிட்டாரைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்காதவர் அதைத் தூக்கிப் போடச் சொல்கிறார், இந்த வாரமே பணம் கேட்கிறார். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் உள்ளே கமிஷன் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில ஆசிரியர்களும் இதில் பங்கு வாங்குகிறார்கள். முதல் வகுப்பிலேயே 'இந்தக் கிட்டார் சரியில்லை' என்று சொல்லும் ஆசிரியரிடம், எந்தக் கம்பி எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அளந்து சொன்னால் நம்பலாம்.

சாலிட் வுட் என்று சொல்வதையும் கண்ணால் பார்க்காமல் நம்பக் கூடாது. ஒலித்துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரிகிற மரரேகை விளிம்பிலும் தொடர்ந்து உள்ளே இறங்கினால் அது ஒரே பலகை. விளிம்பில் பிஸ்கட் அடுக்கு மாதிரி இரண்டு மூன்று படலம் தெரிந்தால் பிளைவுட். போட்டோவில் இதைக் காட்ட மாட்டார்கள். அவர் சொல்வது நிஜமாகவே சாலிட் வுட்டாக இருந்தாலும், ஒரே பலகை பிளைவுட்டைவிட அதிகமாக ஈரம் குடிக்கும், அதிகமாக ஊதும், வறண்டால் வெடிக்கவும் செய்யும். கோத்தகிரி மழைக்கு நீங்கள் தப்பிக்க வழி தேடும்போது, மழைக்கு இன்னும் பயப்படுகிற கிட்டாரை அவர் விற்கிறார்.

ஈட்டி மரம் என்பதும் விலையைக் கூட்டச் சொல்கிற பேச்சு. ஈட்டி, தோதகத்தி என்றெல்லாம் நாம் சொல்கிற மரத்தை விரல் பலகைக்கு எத்தனையோ சாதாரணக் கிட்டார்களிலும் போட்டிருக்கிறார்கள். மறுபக்கம், கூடலூர் காட்டிலிருந்து வந்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். பட்டா நிலத்தில் நிற்கிற ஈட்டியைக்கூட இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் கொண்டு வந்த மரம் அது. ரசீது இல்லாத ஈட்டி நம் வீட்டுக்கு வேண்டாம்.

கம்பெனி உத்தரவாதம் இருக்கிறதே என்று மகன் சொல்லலாம். சீட்டை எடுத்துப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஈரப்பதத்தால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று இருக்கும். ஆறு மாதம் மேகத்துக்குள் இருக்கிற ஊருக்குக் கிட்டாரை விற்கும்போது அந்த ஈரம் அவர்கள் கண்ணில் படவில்லை, பழுதாகி வந்தால் மட்டும் படுகிறது. உத்தரவாதத்தில் சரி பார்க்கவும் கீழே கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டும். பஸ்ஸுக்கும் ஒரு நாள் சம்பளத்துக்கும் யார் பதில் சொல்வது? ஒரு மாவட்டத்துக்கு ஒரு ஆளைப் பழக்கி உட்கார வைக்க இவர்களுக்கு எத்தனை வருடம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஞாயிறு இரவு நீங்கள் பிந்துவதற்கு வருவோம். அதில் உங்கள் தாளத்தைச் சந்தேகிக்காதீர்கள். ஒலி காற்றில் ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் வாசிப்பு உங்கள் காதுக்கு வர ஏறத்தாழ 30 மில்லிவினாடி ஆகும். அதுவரை சேர்ந்து வாசிக்கலாம், அதற்கு மேல் தடுமாறும். வீடியோ அழைப்பில் தாமதம் 100 மில்லிவினாடியைச் சாதாரணமாகத் தாண்டும். தேயிலைச் சரிவின் எதிர்ப்பக்கத்தில் ஒருவரும் இந்தப் பக்கத்தில் நீங்களும் நின்று ஒரே தாளத்தில் வாசிக்கிற மாதிரி. யாராலும் முடியாது. ஒருவர் மட்டும் சத்தத்தைத் திறந்து வாசிக்க, மற்றவர்கள் மைக்கை மூடிவிட்டு அவரோடு சேர்ந்து வாசிக்கலாம். அல்லது போனில் பதிவு செய்து அனுப்புங்கள்.

விட்டு விட்டுக் கேட்பதும் பல நேரம் கிட்டாரின் குறை அல்ல. அந்தச் செயலிகள் பேச்சுக் குரலை மட்டும் காப்பாற்றி, மற்ற ஒலியை இரைச்சல் என்று அடக்கிவிடும். கிட்டாரின் நீண்ட நாதம் அதற்கு ஃபேன் சத்தம் மாதிரிதான். செட்டிங்கில் இரைச்சல் குறைப்பை அணைக்கும் வழி இருக்கும், சிலவற்றில் அசல் ஒலி என்று தனியாகவே இருக்கும். குழுவில் தெரிந்தவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அன்பானவர்கள் என்கிறீர்கள், சொல்லித் தருவார்கள்.

அப்புறம், கிட்டாரை வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், கணப்புக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். மழை நாட்களில் பெட்டிக்குள் வைத்து மூடி, துணிப்பையில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பனிக்காலம் வந்ததும் அந்தப் பையை எடுத்துவிடுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியைத் துடைத்தால் துரு தள்ளிப் போகும்.

ஸ்கேலில் அளந்த எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு, நம்பிக்கையான பழுது பார்ப்பவரிடம் போங்கள். நட்டும் சேடிலும் கம்பியும் சேர்த்து என் பட்டறையில் ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிறது. பஸ்ஸில் கொண்டு போகும்போது கம்பிகளை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்துங்கள், ஆனால் கழற்ற வேண்டாம். கம்பி இருந்தால்தான் அங்கே மறுபடி ட்யூன் செய்து, இழுவிசையோடு நிற்கும் உயரத்தை அளக்க முடியும்.