ரயில்வே கேட் அருகே சாலை வேலை: கொடிக்காரர் எங்கே நிற்க வேண்டும்?

கேட்டைத் தாண்டி 40 மீட்டரில் சாலையின் ஒரு பாதியைத் தோண்டுகிறோம், கொடி காட்டுபவரைப் பள்ளத்துக்கு முன்னால் நிறுத்தினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அங்கே நிறுத்தாதீர்கள். அவர் சிவப்புக் கொடி காட்டியதும் நான்கைந்து லாரிகள் நின்றாலே வரிசையின் வால் தண்டவாளத்தில் இருக்கும். பின்னால் வருபவர்கள் ஒட்டி நிற்பார்கள். நடுவில் மாட்டியவர் முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. வேகமாக வரும் ரயில் பிரேக் பிடித்து நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேலும் ஆகலாம்.

வண்டிகளைக் கேட்டுக்கு முன்பே நிறுத்துங்கள். கேட்டும் பள்ளமும் சேர்ந்து ஒரே ஒற்றைவழிப் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பால் இடம் காலி என்று உறுதியான பிறகே அடுத்த வண்டியை விட வேண்டும். இரு முனைக்கும் வாக்கிடாக்கி கட்டாயம்.

எதிர்த்திசையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேட் மூடப்போகிறது என்றதும் அந்தப் பக்கமும் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அவர்கள் ஒற்றை வழியிலேயே அடைத்துக்கொள்வார்கள்.

ரயில்வேயிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கேட் கீப்பர் இருந்தால் அவரோடு பேச ஒரே ஆளை நியமியுங்கள். மேலே மின்கம்பி இருந்தால், பொக்லைன் கை எவ்வளவு உயரலாம் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.