பாதி விலைக்கு வரும் போனும் அதன் கெர்னல் புதுப்பிப்பும்

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஓர் ஆண்ட்ராய்டு போன் இப்போது ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கிறது. நான்கு ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு என்று அதன் விளம்பரம் சொல்கிறது. செயலிகளுக்கும் போனின் வன்பொருளுக்கும் இடையில் நிற்கும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும், ஆண்ட்ராய்டு கெர்னலுக்கு அடிப்படையான லினக்ஸில் திருத்தம் வந்தவுடன் போனிலும் தானாகச் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் கையில் மிஞ்சுவது இரண்டே ஆண்டுகள் என்று கணக்கிட்டுக்கொண்டு வாங்குங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இந்தக் காலத்தை மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகின்றனவே தவிர, நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து எண்ணுவதில்லை. பாதி ஆயுளுக்குப் பாதி விலை என்பதைத் தள்ளுபடி என்று சொல்வதே சற்று மிகை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதி, ஐந்து ஆண்டுப் புதுப்பிப்புக் காலத்தை ஒரு மாடலின் கடைசிப் போன் சந்தைக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது. வாங்குபவருக்கு நியாயமான கணக்கு அதுதான் என்றாலும், அது அங்கே விற்கப்படும் போன்களுக்கு மட்டுமே பொருந்தும்.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. 2022 மார்ச்சில் வெளியில் தெரியவந்த ‘டர்ட்டி பைப்’ என்ற ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் கெர்னலின் 5.8 பதிப்பிலிருந்து இருந்த அந்தப் பிழையைப் பயன்படுத்தி, வாசிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பின் மேல் சாதாரண உரிமை கொண்ட ஒரு நிரல் எழுதிவிட முடிந்தது. அதாவது, எந்தச் சிறிய செயலியும் முழுச் சாதனத்தையும் கைப்பற்ற வழி இருந்தது. (பதிவுக் கோப்புகளைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் கொடுத்த புகாரைத் துருவிப் போய்த்தான் மாக்ஸ் கெல்லர்மன் என்ற நிரலாளர் இதைக் கண்டுபிடித்தார் என்பது நுகர்வோர் பகுதியில் சொல்ல வேண்டிய செய்தி.) லினக்ஸில் திருத்தம் பிப்ரவரி 23 அன்றே வெளிவந்தது, மறுநாளே கூகுள் அதைத் தன் ஆண்ட்ராய்டு கெர்னலில் சேர்த்துக்கொண்டது. ஆனால் கூகுளின் சொந்தத் தயாரிப்பான பிக்சல் 6 போனை வைத்திருந்தவர்களின் கைக்கு அது மே மாதப் புதுப்பிப்பில்தான் வந்து சேர்ந்தது.

இந்தத் தாமதத்துக்குக் காரணம், திருத்தம் கடக்க வேண்டிய தூரம். லினக்ஸில் எழுதப்பட்டது ஆண்ட்ராய்டின் பொதுக் கெர்னலுக்குப் போய், சிப் தயாரிப்பாளரின் மாற்றங்களோடு பொருத்தப்பட்டு, போன் நிறுவனத்தால் மாடல் வாரியாகச் சோதிக்கப்பட்ட பிறகே உங்களை அடைகிறது. கடைசிக் கண்ணியான போன் நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்டுவிட்டால், திருத்தம் உலகத்தில் இருக்கும், உங்கள் போனில் இருக்காது.

ஆகவே கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனின் அமைப்புகளைத் திறந்து, பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் பாருங்கள். அது இரண்டு மூன்று மாதங்களுக்குள் இருந்தால் நல்லது. ஓராண்டு பழையதாக இருந்து, ‘புதுப்பிப்பு உள்ளதா’ என்று தேடியும் எதுவும் வராவிட்டால், அந்த நிறுவனத்தின் வாக்குறுதியை நான் மதிக்க மாட்டேன். அந்தத் தேதி மாதத்தின் 5ஆம் நாளா என்பதையும் கவனியுங்கள்: 1ஆம் நாள் என்றால் அது ஆண்ட்ராய்டின் மேலடுக்குகளுக்கான திருத்தங்களையே குறிக்கும்; கெர்னலுக்கும் சிப்புக்கும் உரியவை வழக்கமாக 5ஆம் நாள் தேதியில்தான் அடங்கும். அருகிலேயே ‘கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்’ என்று இன்னொரு தேதி இருக்கும். அது எவ்வளவு புதியதாக இருந்தாலும், கெர்னல் திருத்தம் அந்த வழியாக வருவதில்லை என்பதால் அதைக் காட்டி யாரும் உங்களைச் சமாதானப்படுத்த விட வேண்டாம்.

வாங்கிய பிறகு ஒரு வேலை உங்களுடையது. புதிய கெர்னல் போனை மறுதொடக்கம் செய்தால்தான் இயங்கத் தொடங்கும். ‘பிறகு’ என்று தள்ளிக்கொண்டே போனால், இறங்கிய திருத்தம் பயன்படாமலே கிடக்கும்.

கேள்வி: என் போனுக்குப் புதுப்பிப்பு வருவது நின்று ஓராண்டாகிறது. புதிது வாங்குவதற்குப் பதிலாகக் கட்டண ஆன்டிவைரஸ் செயலி ஒன்றை வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. அந்தச் செயலியும் மற்றச் செயலிகளைப் போலக் கெர்னலுக்கு மேலேதான் இயங்குகிறது; ஏற்கெனவே அறியப்பட்ட தீய செயலிகளைச் சில வேளை அது அடையாளம் காட்டலாம், ஆனால் தனக்குக் கீழே உள்ள ஓட்டையை அதனால் அடைக்க இயலாது. அந்தச் சந்தாப் பணத்தைப் புதிய போனுக்குச் சேர்த்து வையுங்கள். அதுவரை வங்கிச் செயலிகளையும் யு.பி.ஐ.யையும் அந்தப் போனிலிருந்து நீக்கிவிட்டு, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவாமல், பேசுவதற்கும் படம் பார்ப்பதற்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.