காவலுக்கு நின்றவர்கள்

அன்புள்ள ஐயா,
அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் ஆர்கன்சா மாநிலத்தில் நடந்த ப்ரூக்ஸ்–பாக்ஸ்டர் சண்டையைப் பற்றிப் படித்தேன். ஒரு மாநிலம், இரண்டு ஆளுநர்கள், இரண்டு படைகள்! சிரிப்பை அடக்க முடியவில்லை. 1872 தேர்தலில் உண்மையில் ஜெயித்தது யார்? லூசியானாவிலும் இப்படித்தானா?
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் சில நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் தேடிப் படித்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்.

ஜெயித்தது யார் என்பதை விடுங்கள். இரண்டு தரப்பும் தில்லுமுல்லு செய்த தேர்தல் அது. லூசியானா கதை இன்னும் கொடூரம், அதை இன்னொரு நாள் பேசலாம். ஆனால் சிரிப்பு வந்தது என்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அங்கே ஆளுநர் என்றால் நம் முதல்வர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர். 1874 ஏப்ரல் 15 அன்று லிட்டில் ராக் நகரில் ஒரு நீதிமன்றத் தீர்ப்போடும் ஆயுதம் தாங்கிய ஆட்களோடும் போய், பதவியில் இருந்த ஆளுநர் பாக்ஸ்டரை, அந்தத் தேர்தலில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட ப்ரூக்ஸ் வெளியேற்றினார். பாக்ஸ்டர் ஆந்தனி ஹவுஸ் ஓட்டலில் போய் உட்கார்ந்துகொண்டார். நடுவில் மத்திய அரசின் சிப்பாய்கள். சரி, இதுவரை கூத்துதான். தெருவில் துப்பாக்கியோடு நின்றது யார் என்று பார்த்தீர்களா? இரண்டு பக்கமும் கறுப்பின ஆண்கள் நின்றார்கள். பாக்ஸ்டருக்காகப் பைன் பிளஃப் என்ற ஊரிலிருந்து கூட்டமாக வந்தார்கள். ப்ரூக்ஸ் பக்கத்திலும் அவர்கள்தான். அடிமைத்தளை அறுந்து சுமார் பத்து வருஷம், ஓட்டுரிமை வந்து சுமார் ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது.

என் அப்பாவின் ஊரில் இரண்டு பங்காளிகளுக்குள் களத்துமேட்டுத் தகராறு. ஒருவருக்காகக் காவல் நின்ற பண்ணையாளுக்கு அரிவாள் வெட்டில் இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. அடுத்த தை மாதம் பங்காளிகள் ராசியாகி, ஒரு கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன், தம்பி.

ஆர்கன்சாவிலும் பெரியவர்கள் ஒரு வழியாக அடங்கிப்போனார்கள். மே 15 அன்று அதிபர் கிராண்ட் பாக்ஸ்டரை ஏற்றுக்கொண்டார். தோற்ற ப்ரூக்ஸுக்குப் பிறகு லிட்டில் ராக் தபால் நிலையத் தலைமைப் பதவி கிடைத்தது. அந்த வருஷமே புது அரசியல் சட்டம் வந்தது, ஆட்சி பழைய எஜமானர்களின் கட்சிக்குப் போனது. காவல் நின்றவர்களுக்கு? 1891இல் எழுதப்படிக்கத் தெரியாதவர்களை ஒதுக்கும் தேர்தல் சட்டம், மறு வருஷம் ஓட்டுப் போட வரி. 1893க்குப் பிறகு 1973 வரை அந்தச் சட்டமன்றத்தில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட உட்காரவில்லை.

அன்புடன்.