வாசகர் கேள்வி - பதில்: ஆசிரியர் இல்லாமல் கொரிய மொழி

கேள்வி (புதுக்குடியிருப்பு): கிட்டடியில் தமிழில் கொரிய வகுப்பு ஒன்றும் இல்லை. ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்கினால் போதாதா?

பதில்: போதாது. கொரிய எழுத்தைப் பழகுவதுதான் இந்த மொழியில் ஆகச் சுகமான வேலை. அதைத் தவிர்க்க ஒரு காரணமும் இல்லை. 1446இல் ஸெஜோங் அரசர் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் அடிப்படை மெய் 14, உயிர் 10. தினமும் அரை மணித்தியாலம் கொப்பியில் எழுதினால் ஒன்றிரண்டு கிழமையில் பிடிபடும். மெய்யும் உயிரும் ஒரு கட்டத்துக்குள் சேர்ந்தால் ஓர் அசை. அதன் அடியில் இன்னொரு மெய் வந்தால் அதற்குப் பெயர் பச்சிம். உயிர்மெய் எழுதிய கைக்கு இது பெரிய வித்தை அல்ல.

ஆங்கில எழுத்தை நம்பினால் இரண்டு உயிர்கள் கெட்டுப்போகும். தலைநகரின் பெயர் 'சியோல்' அல்ல, 'ஸொ-உல்'. அந்த 'ஸொ'வில் உள்ள உயிரை உதடு குவிக்காமல், வாயைச் சற்றுத் திறந்து சொல்ல வேண்டும். மற்றது, படுக்கைக் கோடாக எழுதும் உயிர். 'காசு', 'பத்து' என்று கதைக்கும்போது கடைசியில் வருகிற குறுகிய உகரம்தான் அது. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு எழுத்துப் போடுவார்கள், நமக்கோ அது வாயிலேயே இருக்கிறது. இங்கே அச்சு வசதிக்காகத் தமிழில் எழுதுகிறோம். எழுத்துப் பழகிய பிறகு உங்கள் கொப்பியில் ஹங்குல் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி (மாங்குளம்): இலக்கணம் தமிழ் மாதிரியே என்கிறார்கள். உண்மையா, வகுப்புக்கு ஆள் பிடிக்கிற கதையா?

பதில்: பெரும்பாலும் உண்மை. 'சொனுன் நெயில் ஸொஉரே கயோ': நான், நாளை, ஸொஉலுக்கு, போகிறேன். வினை கடைசியில்தான் வரும். 'கயோ' என்பது நானுக்கும் அவருக்கும் அவர்களுக்கும் ஒன்றே. ஆண்பால், பெண்பால் விகுதி கிடையாது. குரலை உயர்த்தினால் அதுவே கேள்வி. வேற்றுமை உருபும் பெயருக்குப் பின்னால் ஒட்டும்: 'உம்'முக்கு 'தோ', 'வரை'க்கு 'க்காஜி'.

இதைவிட ருசியான இடம் துணைவினை. 'சாப்பிட்டுப் பாருங்கோ' என்பதற்கு 'மொகொ போஸெயோ': சாப்பிடு, பார், அதே இரண்டு வினை, அதே ஒழுங்கு. 'படம் எடுத்துத் தாங்கோ' என்றால் 'ஸாஜின் ச்சிகொ ஜுஸெயோ'. 'ஜுஸெயோ' என்ற 'தாங்கோ'வைப் பிடித்துக்கொண்டால் கடை, பஸ், சாப்பாட்டுக்கடை எல்லாவற்றிலும் பாதி வேலை முடியும். 'நான் வாங்கின புத்தகம்' என்ற எச்சத் தொடரும் அப்படியே போகும்: 'செகா ஸான் செக்'. ஆகவே ஆங்கிலத்துக்கு மாற்றி, பிறகு கொரியனுக்கு மாற்றுகிற சுற்றுவழி வேண்டாம். தமிழில் நினைத்த ஒழுங்கிலேயே சொல்லை மாற்றுங்கள்.

தமிழர் வழுக்குகிற இடங்களும் உண்டு. 'வீட்டில் இருக்கிறேன்', 'வீட்டில் சாப்பிடுகிறேன்' இரண்டுக்கும் நமக்கு ஒரே 'இல்'. கொரியனில் இருப்பதற்கு 'சிபே இஸ்ஸொயோ'. அங்கே ஒரு செயல் நடந்தால் 'சிபேஸொ மொகொயோ'. 'எ'யா 'எஸொ'வா என்று வினையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்தது, 'நான் இலங்கையர்' என்று தமிழில் வினையே இல்லாமல் முடிக்கலாம். கொரியனில் 'சொனுன் ஸுரிரங்கா ஸாராமிஎயோ' என்று அந்த 'இஎயோ' வரவேண்டும். விட்டால் வசனம் பாதியில் நின்றதுபோல் இருக்கும். உயிரில் முடியும் சொல்லுக்குப் பின்னால் அது 'யேயோ' ஆகும்: 'ஹ்வாஜாங்ஷில் ஒதியேயோ?' கழிப்பறை எங்கே?

கேள்வி (கிளிநொச்சி): மூன்று 'த' இருக்கிறதாம். எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கிறது.

பதில்: சாதாரண வகை நமது எழுத்தைப் போலவே நடக்கும். கடல் என்பது 'பதா'. முதல் 'ப' வன்மை, நடு 'த' 'பதம்' என்பதில் போல மென்மை. இரண்டாவது, அழுத்த வகை: 'பத்து' என்பதன் நடுவில் வரும் 'த்த'வைச் சொல்லின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், காற்று வரக்கூடாது. மூன்றாவது காற்று வகை, தமிழில் இல்லை. வாய்க்கு முன்னால் மெல்லிய தாளைப் பிடித்தால் அது அசைய வேண்டும். இந்த ஒழுங்கில் 'தல்' என்பது நிலா, மகள், முகமூடி என்று மாறும். காதுக்கு இன்னொரு துப்பு சுருதி: ஸொஉல் இளையவர்கள் சொல்லைச் சாதாரண வகையில் தொடங்கினால் குரல் தாழ்ந்திருக்கும், மற்ற இரண்டிலும் உயரும். ஒலிப்பதிவை இறக்கி வைத்துக்கொண்டு, கேட்டதை ஹங்குலில் எழுதிச் சரிபாருங்கள். வாய்ப்பயிற்சி அதற்குப் பிறகு.

கேள்வி (வவுனியா): கொரியாவில் வேலைக்குப் போக எழுதும் ஈ.பி.எஸ். மொழிப் பரீட்சைக்குப் படித்தாலே கதைக்க வந்துவிடுமா?

பதில்: வராது. 40 கேள்வி, 200 புள்ளி, வாசிப்பும் கேட்டலும்தான். சரியான விடையைத் தெரிவு செய்யத் தெரிந்தவருக்கு வாய் திறக்க வராமல் போவது வழக்கம். பாடத்தில் வரும் உரையாடலை, ஒலி ஓடும்போதே கூடச் சேர்ந்து சத்தமாகச் சொல்லுங்கள். பதிவு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாக மட்டுமே. இடையில் காசு கேட்பவரிடம் போகவேண்டாம்.

கேள்வி (முல்லைத்தீவு): எண்கள் ஏன் இரண்டு விதம்?

பதில்: ஒன்று சொந்த எண், மற்றது சீன வழி எண். மணிக்குச் சொந்த எண், நிமிடத்துக்குச் சீன எண்: 3.20 என்றால் 'ஸே ஷி இஷிப் ப்புன்'. பொருளை எண்ணச் சொந்த எண், காசுக்குச் சீன எண். பத்தாயிரத்துக்கு 'மன்' என்று தனிச்சொல் உண்டு. 35,000 வொன் 'ஸம்மன் ஓச்சொன்', ஒரு இலட்சம் 'ஷிம்மன்', அதாவது பத்து மன். விலைச்சீட்டில் கடைசி நான்கு தானத்தை விரலால் மறைத்து வாசித்துப் பழகுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): நாங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர். என்ன சொல்லிக் கேட்பது?

பதில்: 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் நெத்தலி அவித்த சாற்றில் செய்த சூப் வரக்கூடும். 'கோகி, ஸெங்ஸொன், ஹெமுல் ப்பெகோ ஜுஸெயோ' என்று கேளுங்கள்: இறைச்சி, மீன், கடலுணவு நீக்கித் தாருங்கள். அப்போதும் கிம்ச்சி என்ற புளிக்கவைத்த மரக்கறி ஊறுகாயில் பெரும்பாலும் மீன்சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும்.

கேள்வி (நெடுங்கேணி): நாடகம் பார்த்தே பழகுகிறேன். ஆட்களை எப்படிக் கூப்பிடுவது?

பதில்: நாடகத்தில் காதில் அதிகம் விழும் 'ஓப்பா'வை ஆண்கள் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாவது உண்டு. அது பெண் தன் அண்ணனை அழைக்கும் சொல். ஆண் அழைத்தால் 'ஹ்யொங்'. 'நீ', 'நீங்கள்' என்பதற்கு அகராதி தரும் 'தங்ஷின்' முன்பின் தெரியாதவரிடம் சண்டைக்கு இழுப்பதுபோல் கேட்கலாம். முதலாளிக்கு 'ஸாஜாங்னிம்', கடையில் யாரையும் கூப்பிட 'சொகியோ'. நாடகத்தில் நண்பர்கள் 'யோ' இல்லாமல் முடிக்கும் வசனங்களை அப்படியே எடுக்காமல், வினையின் கடைசியில் 'யோ' சேர்த்தே பழகுங்கள்.