பி.டி. பாடவேளையைக் கடன் கொடுக்காதீர்கள்

தஞ்சாவூர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 26 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கபடி, கோகோ அணிகளோடு, ஆள் இல்லாத காலங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தையும் இலக்கிய மன்றத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெற்றோரும் மாணவர்களும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் மகன் பத்தாம் வகுப்பு. மாவட்டக் கபடிப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறான். படிப்பு கெட்டுவிடும் என்று அவன் அப்பா விளையாட்டையே நிறுத்தச் சொல்கிறார். என்ன செய்வது ஐயா? (ஒரு தாய், பட்டுக்கோட்டை)

நிறுத்தாதீர்கள் அம்மா. குறுவட்டத்தில் ஜெயித்து மாவட்டத்துக்கு வருவது எளிதல்ல. அந்தப் படியை ஏறிவிட்ட பிள்ளையைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கக் கூடாது.

அவன் அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். காலைப் பயிற்சி ஒன்றரை மணி நேரம். மாவட்டப் போட்டிக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். பொதுத்தேர்வு வருவதற்குள் போட்டிகள் பெரும்பாலும் முடிந்துவிடும். நிறுத்திவிட்டால் அந்த ஒன்றரை மணி நேரம் அப்படியே புத்தகத்துக்குப் போய்ச் சேரும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். நான் பார்த்த வரையில் அப்படிப் போவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு பையன் இருந்தான். ‘கபடி கபடி’ என்று எதிரணிக் களத்துக்குள் பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டான். பத்தாம் வகுப்பில் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். டியூஷனுக்குப் போகும் வழியில் தினமும் பள்ளி மதில் ஓரம் சைக்கிளை நிறுத்துவான். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். உள்ளே பாடிப் போகிறவன் நடுக்கோட்டுக்குத் திரும்பும் வரை பார்த்துவிட்டுத்தான் நகர்வான். டியூஷனில் அவன் என்ன படித்திருப்பான்? அந்த ஆண்டு அவனுடைய மதிப்பெண் கூடவில்லை. நானாவது அவன் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்க வேண்டும். போகாதது என் தவறு. அதற்குப் பிறகு இப்படி ஒரு சேதி வந்தால் அன்று மாலையே பெற்றோரைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

உங்கள் மகனுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இதுதான்: காலைப் பயிற்சி மட்டும் போதும், மாலை படிப்புக்கு. இரவு பத்து மணிக்குள் தூக்கம், அதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பயிற்சியை அரை மணி நேர ஓட்டமாகக் குறைத்துக்கொள்ளலாம். இதைப் பயிற்சியாளரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். நல்ல பயிற்சியாளர் மறுக்கமாட்டார்.

வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட். இரண்டையும் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்? (எட்டாம் வகுப்பு மாணவர், ஒரத்தநாடு)

உங்கள் மீது தவறில்லை தம்பி. அந்தப் பாடவேளையைத் தூக்கிக் கொடுக்கும் என்னைப் போன்றவர்கள் மீதுதான் தவறு. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் நல்ல உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்துக்கு இரண்டு பாடவேளை என்பது அதில் கால்பங்குகூட இல்லை. அதையும் எடுத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? வகுப்புத் தலைவனும் தலைவியும் சேர்ந்து தலைமையாசிரியரிடம் பணிவாக ஒரு கடிதம் கொடுங்கள். எந்த வாரம், எந்த நாள், எந்தப் பாடவேளை போயிற்று என்று தேதியோடு எழுதுங்கள். தேதி இருந்தால் யாரும் மறுக்க முடியாது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன், கோகோ ஆடுகிறேன். மாதவிடாய் நாட்களில் பயிற்சிக்குப் போகலாமா? சாரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் அரைக்கால் சட்டை போடக் கூடாது என்கிறார்கள். (மாணவி, பேராவூரணி)

உடம்பு இடம் கொடுத்தால் தாராளமாகப் போகலாம் மகளே. முடியவில்லை என்றால் உட்கார்ந்துகொள்ளலாம். இரண்டுமே சரிதான். படுக்க வைக்கும் அளவுக்கு வலித்தாலோ, ஏழு நாளைத் தாண்டி உதிரப்போக்கு இருந்தாலோ அம்மாவோடு போய் மருத்துவரைப் பார்த்துவிடு.

கூச்சத்துக்கு எங்கள் பள்ளியில் ஒரு வழி வைத்திருக்கிறோம். பயிற்சிப் பட்டியல் அணித் தலைவியிடம் இருக்கும். அவளிடம் சொன்னால் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி இருக்கும் பெண்ணுக்கு அன்று ஓட்டம் இல்லை. அவள் புள்ளிக்கணக்கு எழுதுவாள், அல்லது விசில் ஊதுவாள். ஏன் என்று நான் கேட்பதில்லை, மற்றப் பெண்களும் கேட்பதில்லை. உன் தோழிகளோடு பேசி இதையே உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பார்.

சீக்கிரம் களைத்துப்போனால் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே வீசும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வீசாதே. சாப்பிட்ட பிறகு போடு, வயிற்றைப் பிரட்டாது. போட்டவுடன் டீ குடிக்காதே, இரும்புச்சத்து உடம்பில் சேராமல் போய்விடும்.

உடைக்கு முழுக்கால் ட்ராக் பேன்ட் போட்டுக்கொள். கம்பத்தைப் பிடித்துத் திரும்பும்போதும், பாய்ந்து தொடும்போதும் முட்டி சிராய்க்கும் ஆட்டம் இது. முழுக்கால் உடை ஒரு விதத்தில் நல்லதுதான். ஒரு நாள் அம்மாவைப் பயிற்சிக்கு அழைத்து வா. நீ ஓடுவதை அவர் ஒரு முறை பார்க்கட்டும்.

என் மகன் 14 வயதுப் பிரிவைச் சில மாதங்களில் தவறவிட்டுவிட்டான். பிறந்த தேதியை மாற்றி வாங்கினால் ஆடவைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். (ஒரு தந்தை)

வேண்டாம். அப்படிச் சொல்பவரின் பக்கமே போகாதீர்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைக் கணிக்கும் முறை விளையாட்டில் புழக்கத்தில் இருக்கிறது. பிடிபட்டால் உங்கள் மகனோடு அணி முழுவதும் வெளியேற நேரும். பிடிபடாவிட்டாலும், ஆடத் தகுதியுள்ள ஒரு சின்னப் பையனின் இடத்தை உங்கள் மகன் எடுத்துக்கொண்டிருப்பான். 17 வயதுப் பிரிவு இருக்கிறது, அதற்குப் பிறகு 19 இருக்கிறது. முதல் ஆண்டு பெரிய பையன்களிடம் தோற்பான். தோற்கட்டும்.

விளையாட்டுச் சான்றிதழால் கல்லூரியில், வேலையில் உண்மையிலேயே பயன் உண்டா? (பிளஸ் ஒன் மாணவி, மன்னார்குடி)

உண்டு. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் இருக்கின்றன. அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் கையில் இருக்கும் எல்லாச் சான்றிதழும் இதற்கு உதவாது. கோயில் திருவிழாப் போட்டிக் கோப்பை வீட்டு அலமாரிக்குப் பெருமை, கலந்தாய்வில் அதற்கு மதிப்பெண் இல்லை. பள்ளிக் கல்வித்துறை நடத்தும் குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகள், அவற்றைத் தாண்டி தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் என்று முறையான படிகளில் வாங்கியவைதான் நிற்கும். அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் போட்டிகளுக்குத் தனி விதிகள் உண்டு, அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துக்கொள்.

ஒரு வேலையை இன்றே செய். எல்லாச் சான்றிதழ்களையும் எடுத்து, பெயரும் முதலெழுத்தும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார். ஓர் எழுத்துப் பிழைக்காகச் சான்றிதழோடு அலைந்து திரிந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். லேமினேஷன் செய்யாதே, உறையில் போட்டு வை.

மகனுக்கு வலது கால் ஊனம். பி.டி. நேரத்தில் வகுப்பிலேயே உட்காரவைத்துவிடுகிறார்கள். அழுதுகொண்டே வருகிறான். (ஒரு தாய், திருவாரூர்)

படிக்கும்போதே எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது அம்மா. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் வலது காலின் மீது பஸ் ஏறி, முழங்காலுக்குக் கீழே பழுதடைந்தவர். அவரை உயரம் தாண்டத் தூண்டியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். அந்த ஆசிரியர் அவரை வகுப்பிலேயே உட்காரவைத்திருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது.

உங்கள் மகன் பதக்கம் வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வெயிலும் காற்றும் கூச்சலும் உள்ள இடத்தில் மற்றப் பிள்ளைகளோடு அவனும் இருக்க வேண்டும். குண்டு எறிதலை உட்கார்ந்த நிலையில் செய்யலாம். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிந்து பிடிக்கும் வளையப்பந்தைச் சிறிய களத்தில் ஆடலாம். கேரம், சதுரங்கம் இருக்கின்றன. நாளைக்கே போய் உடற்கல்வி ஆசிரியரைப் பாருங்கள். “என் மகனுக்கு என்ன ஆட்டம் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். ‘வைப்பீர்களா’ என்று கேட்காதீர்கள்.

என்.சி.சி., என்.எஸ்.எஸ்., சாரணர் மூன்றும் எங்கள் பள்ளியில் உண்டு. எதில் சேரலாம்? (மாணவர், கும்பகோணம்)

சீருடையும் அணிவகுப்பும் பிடித்து, ராணுவம் அல்லது காவல்துறை மனத்தில் இருந்தால் என்.சி.சி. பள்ளியில் ‘ஏ’ சான்றிதழ், கல்லூரியில் தொடர்ந்தால் ‘பி’, ‘சி’. ‘சி’ சான்றிதழ் இருந்தால் ராணுவ அதிகாரி பணிக்குத் தனி நுழைவு வழி உண்டு. ஊர் வேலையில் கை நனைக்க ஆசை இருந்தால் நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கியது, ஏழு நாள் கிராம முகாம்தான் அதன் உயிர். முடிச்சு, முதலுதவி, கூடாரம், காட்டு நடை பிடிக்கும் என்றால் சாரணர். ஒன்றில் சேர்ந்து இரண்டு ஆண்டு நிலைத்து நில். மூன்றிலும் பெயர் கொடுத்துவிட்டு எதற்கும் வராதவர்களால் யாருக்கும் பயன் இல்லை.

மகளுக்கு விளையாட்டில் நாட்டம் இல்லை. மேடை என்றாலும் நடுக்கம். எந்த மன்றத்திலும் சேரமாட்டேன் என்கிறாள். (ஒரு தந்தை, பாபநாசம்)

மேடை ஏறாமல் செய்யும் வேலைகள் எல்லா மன்றத்திலும் உண்டு. பசுமைப் படையில் நாற்றங்கால் பார்ப்பவர், இலக்கிய மன்றத்தில் சுவர்ப் பத்திரிகை எழுதுபவர், கலைத்திருவிழாவில் திரைக்குப் பின்னால் நிற்பவர். அறிவியலுக்கும் கணக்குக்குமான வானவில் மன்றத்தில் சோதனைகளைக் கையாலேயே செய்து பார்க்கலாம். என் கோகோ அணிக்கு மூன்று ஆண்டுகள் புள்ளிக்கணக்கு எழுதிய ஒரு மாணவி, சேர்ந்தபோது பெயரைக் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு குறுவட்டப் போட்டியில் எதிரணி ஆசிரியர் கணக்கு தவறு என்றார். அவள் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போய், ஒவ்வொரு ஆட்டமிழப்பையும் விரல் வைத்துக் காட்டி, கடைசிவரை குரல் உயர்த்தாமல் பேசினாள். கணக்கு அவள் சொன்னதுதான். வேலையை முதலில் கொடுங்கள், பேச்சு பின்னால் வரும்.

கால் பிசகினால் எண்ணெய் தேய்த்து நீவலாமா? (மாணவர்)

உடனே நீவாதே, வீக்கம் கூடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வை, காலை உயர்த்தி வை. ஊன்றவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

சிறிய உயர்நிலைப் பள்ளி. உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலி. மைதானம் என்று ஒரு முற்றம்தான். என்ன விளையாட்டைத் தொடங்கலாம்? (தலைமையாசிரியர், நாகப்பட்டினம் மாவட்டம்)

கேட்டதற்கே உங்களுக்கு நன்றி அம்மா. கோகோவுக்கு 27-க்கு 16 மீட்டர் வேண்டும். தஞ்சாவூரில் பிறந்த பூப்பந்துக்கு (பால் பேட்மிண்டன்) 24-க்கு 12. பெண்கள் கபடிக்கு 12-க்கு 8 மீட்டர் போதும், வளையப்பந்துக்கு அதிலும் குறைவு. உங்கள் முற்றத்தில் கபடியும் வளையப்பந்தும் நிச்சயம் நடக்கும். செலவு ஒரு வலை, இரண்டு கம்பம், நான்கு வளையம்.

களம் போட ஆள் தேட வேண்டாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையே கூப்பிடுங்கள். ஒரு கயிற்றில் அடுத்தடுத்து மூன்று மீட்டர், நான்கு மீட்டர், ஐந்து மீட்டர் இடைவெளியில் முடிச்சுப் போட்டு, முதல் முடிச்சையும் கடைசி முடிச்சையும் சேர்த்துக் கட்டி, மூன்று பேர் முடிச்சுக்கு ஒருவராகப் பிடித்து இழுத்து முக்கோணமாக நிற்கட்டும். மூன்றும் நான்கும் சேரும் மூலை செங்கோணம். அங்கே ஆணி அடித்து, அங்கிருந்து 12 மீட்டரும் 8 மீட்டரும் அளந்துகொள்ளுங்கள். நான்கு மூலையும் வந்த பிறகு குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 14 மீட்டர் 42 சென்டிமீட்டர் வந்தால் களம் சரி. உங்கள் கணக்கு ஆசிரியரையும் அழைத்து நிற்க வையுங்கள், பிதாகரஸ் தேற்றம் அன்றைக்குப் பிள்ளைகளின் கையில் இருக்கும். கோட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம், கோட்டைத் தொட விழுந்து பாயும் பிள்ளையின் கண்ணில் பட்டால் எரித்துவிடும். கோலமாவு போதும். களத்தில் கல் பொறுக்காமல் ஒரு நாளும் ஆட்டம் தொடங்க வேண்டாம்.

மழை வந்தால் கோடு அழிந்துவிடும். மறுநாள் காலை கயிற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் ஓரமாக நில்லுங்கள். அவர்களே போட்டுவிடுவார்கள்.